பங்குனி அமாவாசைக்கு ஒரு சீட்டு

பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்காருகிறவர்களிடம் வழக்கமாக மூன்று விஷயம் சொல்வேன். முதுகை நிமிர்த்துங்க, மோவாயை இறக்குங்க, லென்ஸைப் பாருங்க. எங்கள் நாட்டார் முதல் இரண்டையும் கேட்டார். மூன்றாவதைக் கேட்கவில்லை. அவர் பார்வை என் தோளுக்குப் பின்னால் சுவரில் போய் ஒட்டிக்கொண்டது.

"அது இன்னாது?"

"எது நாட்டாரே?"

"அந்தப் பேப்பரு. அமாவாசை அமாவாசைன்னு வரிசையா எழுதிக்கீது."

கோட்டைக்குப்பத்தில் ஊர்த் தலைவரை நாட்டார் என்போம். நான் பிறந்ததும் கோட்டைக்குப்பம்தான். பிழைப்பு மட்டும் பழவேற்காடு கடைத்தெருவில், ஒரு போட்டோ ஸ்டுடியோ. அதன் பின்திரையில் இருந்த ஊட்டி ஏரியைப் பற்றி இதே பத்தியில் போன வாரம் எழுதியிருந்தேன். இவ்வளவு பெரிய பழவேற்காட்டு ஏரியை வைத்துக்கொண்டு ஊட்டி ஏரி எதற்கு என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். எங்கள் ஆட்கள் விடிந்தால் பழவேற்காட்டு ஏரியில்தான் விழிக்கிறார்கள். போட்டோவிலும் அதுவேதானா என்று கேட்டால் நான் என்ன பதில் சொல்ல?

நாட்டார் ஸ்டூலை விட்டு எழுந்து சுவரண்டை போனார். அந்தத் தாளில் கட்டம் போட்டு எழுதியிருந்தேன். மாதம், அமாவாசை, இடம், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை. கடைசிக் கட்டத்தில் மட்டும் ஆங்கிலத்தில் சில பெயர்கள். பங்குனிக்கு நேராக, இடம் என்ற கட்டத்தில், "முகத்துவாரத் திட்டு" என்று இருந்தது.

"நாளு போட்டு, இடம் போட்டு, டைமும் போட்டு வச்சிக்கினு கீற. இது வலை கட்டற பாட்டு லிஸ்டு இல்லாம வேற இன்னா?"

"நட்சத்திரம் போட்டோ புடிக்கிற லிஸ்ட்டு நாட்டாரே."

அவர் என்னைப் பார்த்த பார்வையில், அதைவிட நல்ல பொய்யாக ஒன்று சொல்லியிருக்கலாமே என்ற வருத்தம் தெரிந்தது. தாளைப் பிய்த்து, நாலாக மடித்து, சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போட்டோ எடுக்காமலேயே போய்விட்டார்.

தாலி கட்டாத நாள்

கல்யாணப் போட்டோக்காரனுக்கு வானத்தோடு என்ன உறவு என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்தான். அமாவாசையில் யாரும் தாலி கட்டுவதில்லை. மாதத்தில் எனக்கு நிச்சயமாக வேலையில்லாத நாள் அது. வானம் சரியாக இருட்டாக இருப்பதும் அன்றைக்குத்தான். இந்த இரண்டையும் ஒரு நாளில் கொண்டுவந்து வைத்தது யாரோ, அவருக்கு என் நன்றி.

ஒரு மார்கழியில் வேலையில்லாமல் கேமராவை ஸ்டாண்டில் மாட்டி மேலே திருப்பி வைத்தேன். அரை நிமிடம் திறந்து மூடினால், கண்ணுக்குத் தெரியாத நட்சத்திரமெல்லாம் திரையில் வந்து நின்றது. அன்றைக்குப் பிடித்த பைத்தியம். பிறகு வானத்தோடு சேர்ந்து மெதுவாகச் சுழலும் ஒரு தாங்கி வாங்கினேன். அதில் கேமராவை மாட்டினால் இரண்டு நிமிடம் திறந்து வைத்தாலும் நட்சத்திரம் கோடாக இழுபடாது.

பைத்தியத்துக்கும் ஒரு திட்டம் வேண்டும். எந்த மாதம் எது நல்ல உயரத்தில் நிற்கும், எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம், அந்தப் பக்கம் எந்த வெளிச்சமும் இல்லாத இடம் எது என்று வருடத் தொடக்கத்திலேயே எழுதிவிடுவேன். பொன்னேரியில் ஜாதகம் பார்ப்பவர்கூட இவ்வளவு முன்கூட்டி எழுத மாட்டார்.

ஐப்பசியில் ஆண்ட்ரமீடா. அது இன்னொரு பால்வீதி. ராத்திரி சாப்பாட்டு நேரத்துக்கே நன்றாக மேலே வந்துவிடும், வசதியான பால்வீதி. ஐப்பசியில் எங்கள் ஊரில் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். அடைமழை, புயல் கூண்டு, கரண்ட் கட். ஐந்து வருடமாக முதல் வரியில் அதைத்தான் எழுதி வருகிறேன். எங்களுக்குள் இன்னும் அறிமுகம் ஆகவில்லை.

மார்கழியில் ஓரியன் நெபுலா, நட்சத்திரம் பிறக்கிற வாயு மேகம். மழை விட்டிருக்கும், கல்யாணமும் கிடையாது. ஆனால் ஏரியிலிருந்து பனி எழும்பி லென்ஸ் முழுக்க வியர்த்துவிடும். நான் லென்ஸுக்கு மப்ளர் கட்டிப் பார்த்தேன். அதைப் பார்த்துவிட்டு, கேமராவுக்கு சளியா என்று கேட்காத ஆளே கிடையாது.

சித்திரையிலும் வைகாசியிலும் நம் பால்வீதியின் நடுப்பகுதி கடலிலிருந்து எழும்பி வரும். விசைப்படகுகளுக்கு அப்போது தடைக்காலம். கிழக்கே கடல் விளிம்பில் வரிசையாகத் தெரியும் படகு விளக்குகள் ஒன்றுகூட இருக்காது. என் லிஸ்ட்டில் அந்த இரண்டு மாதத்துக்கு நேராக "மிக நல்ல காலம்" என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தேன். அது மற்றவர்களுக்கு எப்படிப்பட்ட காலம் என்பது எழுதும்போது மனதில் வரவேயில்லை. மீனவன் வீட்டில் பிறந்தவன்தான் நான்.

பங்குனியில் ஒமேகா சென்டாரி. அதைத்தான் சொல்ல வந்தேன்.

கல்லறையில் ஒரு முயற்சி

அதற்கு முன்னால், நானூறு வருடம் முன்பு இங்கே வியாபாரத்துக்கு வந்த டச்சுக்காரர்களைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பழவேற்காட்டைப் பற்றி எழுதுகிறவன் அவர்களைச் சொல்லாமல் விட்டால், சுற்றுலா வந்து போனவர்கள் கடிதம் போடுகிறார்கள்.

அவர்கள் கல்லறைத் தோட்டத்து வாசலில் இரண்டு பக்கமும் எலும்புக்கூடு செதுக்கியிருக்கும். நடுவில் விருச்சிக நட்சத்திரங்கள் தேளாக நிற்கிற மாதிரி ஒரு படம் எடுத்தால் உலகமே பார்க்கும் என்று ஒரு வருடம் திட்டம் போட்டேன். மணி, கோணம் எல்லாம் கணக்குப் போட்டு அமாவாசையன்று போனேன். போன வாரம்வரை இல்லாத ஒரு தெருவிளக்கு வாசலுக்கு நேரே புதிதாக நின்று, எலும்புக்கூட்டின் பல் வரைக்கும் வெளிச்சம் காட்டிக்கொண்டிருந்தது. தெருவிளக்கு வேண்டுமென்று ஊரே கேட்டு மனுக் கொடுத்ததாம். மனுவில் என் கையெழுத்தும் இருந்தது.

அந்தக் காலத்தில் அவர்களும் பருவம் பார்த்து, காற்றைப் பார்த்து, நட்சத்திரம் பார்த்துத்தான் கப்பல் விட்டிருப்பார்கள். எந்த மாதம் புறப்படுவது, எந்த மாதம் துணி மூட்டையோடு திரும்புவது என்று அட்டவணை போட்டிருப்பார்கள். திரும்பிப் போகாதவர்கள் உள்ளே வரிசையாகப் படுத்திருக்கிறார்கள். திட்டம் போடுகிற ஜாதியில் நான் ஒருவன் மட்டும் இல்லை என்று அன்றைக்கு ஒரு ஆறுதல்.

பாடு

ஒமேகா சென்டாரி ஒரு நட்சத்திரக் கூட்டம். லட்சக்கணக்கான நட்சத்திரங்கள் ஒரு பிடியில் அடங்கின மாதிரி இருக்கும். ஐரோப்பாவில் இருக்கும் முக்கால்வாசிப் பேருக்கு அது கண்ணிலேயே படாது. நமக்குத் தெற்கே முப்பது டிகிரி உயரத்தில் வந்து நிற்கும். ஆனால் தெற்குப் பக்கம் ஒரு விளக்கும் இல்லாத இடம் வேண்டும். எங்கள் பக்கம் அப்படி ஒரே இடம்தான், முகத்துவாரத்தை ஒட்டி ஏரிக்குள் இருக்கும் மணல் திட்டு.

வம்பு அங்கேதான். கடல் தண்ணீர் ஏரிக்குள் ஏறி இறங்கும் அந்த வாய்க்குப் பக்கத்தில்தான் இறாலும் ஓடும். கழி நட்டு வலை கட்டிவிட்டு உட்கார்ந்தால் போதும். எல்லோரும் ஒரே நாளில் போய்க் கட்டினால் அடிதடிதான் மிஞ்சும். அதனால் எந்த நாள் யார் அங்கே வலை கட்டலாம் என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். அதற்குப் பெயர்தான் பாடு. விழுந்த பாட்டை விற்கக் கூடாது, மாற்றிக்கொள்ளவும் கூடாது.

எல்லா நாளும் ஒன்றில்லை. அமாவாசையில் தண்ணீர் வேகமாக ஓடும், இறாலும் கூடவே வரும். அஷ்டமியில் தண்ணீர் செத்துக் கிடக்கும். அதிலும் பங்குனி அமாவாசைதான் கடைசி நல்ல ஓட்டம். வெயில் ஏறினால் வாயை மணல் மூடிவிடும். இருட்டில் வேறு படகு வந்து வலையில் மோதாமல் இருக்கக் கழிக்குக் கழி விளக்கு கட்டுவார்கள். அந்த விளக்குகள்தான் ஐந்து வருடமாக என் படத்தைக் கெடுத்து வந்தன.

என் தங்கை கௌரியின் புருஷன் தேசப்பனுக்கு இரண்டு வருடமாகச் சீட்டில் செத்த தண்ணீர் நாட்கள்தான் விழுந்தன. வலையை விரித்து, வலையைச் சுருட்டி, அவ்வளவுதான். அந்தத் தை மாதம் ஒருநாள் ஸ்டுடியோவுக்கு வந்து சொன்னான்.

"மச்சான், இந்தப் பங்குனியும் கைக்கு வரலன்னா காசிமேட்டுக்குப் போய் எவன் போட்லயாவது ஏறிட வேண்டியதுதான். கௌரிகிட்ட சொல்லிட்டேன்."

"அவ இன்னா சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. அதான் பேஜாரா கீது."

காசிமேடு சென்னையின் மீன்பிடித் துறைமுகம், பஸ்ஸில் போனால் சில மணி நேரம்தான். ஆனால் அங்கே விசைப்படகில் ஏறினவர்கள் மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வந்தால் பெரிது. ஏரித் தொழிலை விட்டு ஒருமுறை போனவர்கள் அதற்குத் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

ஊர்க் கூட்டம்

நாட்டார் தாளை எடுத்துக்கொண்டு போன மூன்றாம் நாள் கோயில் கொட்டகையில் ஊர் கூடியது. காலை வெயிலில் கருவாட்டு வாசனை தூக்கியது. நாட்டார் என் தாளை விரித்துத் தொடைமேல் வைத்திருந்தார். தேசப்பனையும் எனக்குப் பக்கத்தில் நிற்க வைத்தார்கள். இரண்டு வருடம் நல்ல பாடு விழாத ஆள், அவன் மச்சான் சுவரில் அமாவாசைகளுக்கெல்லாம் இடம் பிரித்து எழுதின லிஸ்ட். ஊர் இரண்டையும் இரண்டையும் கூட்டி நாலு என்று முடிவு செய்திருந்தது.

"சீட்டுப் போடறதுக்கு முன்னாலயே நீங்க ரெண்டு பேரும் பிரிச்சிக்கினீங்களா?"

"இவனுக்கு ஒண்ணும் தெரியாது நாட்டாரே. நட்சத்திரம் புடிக்கத்தான்."

"எங்க, காட்டு."

பகல் பத்து மணி. நான் மேலே பார்த்தேன். ஊரும் மேலே பார்த்தது. ஒரு பருந்து போயிற்று.

போனில் இருந்த படங்களைக் காட்டினேன். ஓரியனைப் பார்த்துவிட்டு ஒருவர் புகை என்றார். இன்னொருவர் எண்ணெய் கொட்டின தண்ணீர் என்றார். நாட்டார் மட்டும் ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளி ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு போனைத் திருப்பித் தந்தார்.

"சரி, நட்சத்திரம்தான்னு வையி. அதுக்கு அந்தத் திட்டு எதுக்கு?"

"அங்கதான் இருட்டு."

"வலைக்காரன் விளக்கு கட்டினா?"

"படம் கெட்டுப் போயிடும்."

"அப்ப நீ கீற அன்னிக்கு வேற எவனும் வலை கட்ட முடியாது. அதுக்கு இன்னா பேரு? பாடுதான? ஏரியில எதை எடுத்தாலும் சீட்டுதான். மீனு எடுத்தாலும் சீட்டு, போட்டோ எடுத்தாலும் சீட்டு. உங்க நைனாவோட பாட்டுப் பங்கு, அந்தத் தலைக்கட்டு, இன்னும் உம்பேர்ல கீது. எழுதுங்கப்பா இவன் பேரையும்."

சிரிப்பு எழுந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் சொன்னதில் ஒரு ஓட்டையும் இல்லை என்பது எனக்குத் தெரிந்தது. வானத்துக்கு நான் போட்ட திட்டத்தைவிட ஏரிக்கு அவர் போட்ட கணக்கு நேராக இருந்தது.

இன்னொன்றும் சொன்னார். "உனக்கு விழுந்தா, அன்னிக்கு நட்சத்திரம்தான் புடிக்கணும். அந்த இடத்துல ஒரு வலை நனைஞ்சாலும் இந்த லிஸ்டு வலைக்குத்தான்னு ஆயிடும். அப்பால உனக்கும் கிடையாது, உன் மாப்ளைக்கும் கிடையாது."

மண்பானை

அங்கேயே சீட்டும் போட்டார்கள். நாட்டார் நாளைச் சொல்ல, கோயில் பூசாரி பானைக்குள் கைவிட்டு ஒரு சீட்டு எடுப்பார். மாசி நாட்கள் முடிந்தன. என் பெயரும் வரவில்லை, தேசப்பன் பெயரும் வரவில்லை.

"பங்குனி அமாவாசை."

பூசாரி எடுத்துப் படித்தது என் பெயர்.

கொட்டகையில் சத்தம் அடங்க நேரமாயிற்று. நாட்டார் கையைத் தூக்கினார். "ஏ ஸ்டுடியோ, வச்சிக்கிறியா, திரும்பப் போட்டுடலாமா? ஒரு வாட்டிதான் கேப்பேன்."

தேசப்பன் என்னைப் பார்த்தான். கேட்கிற பார்வை இல்லை. மழை வருமா என்று மேலே பார்ப்போமே, அப்படிப் பார்த்தான்.

திரும்பப் போட்டாலும் அவன் பெயரே வரும் என்று என்ன நிச்சயம்? பானைக்குள் இன்னும் பதினைந்து பதினாறு பேர் இருந்தார்கள். வேறு எவனோ வலை கட்டுவதற்கு நான் ஏன் விட வேண்டும்? ஐந்து வருடம். அந்த நேரத்தில் இதெல்லாம் நியாயமாகவே இருந்தது.

"வச்சிக்கிறேன்" என்றேன்.

நாட்டார் அடுத்த நாளைச் சொன்னார். பங்குனி அஷ்டமி. பூசாரி கைவிட்டார்.

"தேசப்பன்."

யாரும் சிரிக்கவில்லை. நான் திரும்பப் போட்டிருந்தால் பானையைக் குலுக்கியிருப்பார்கள், வேறு சீட்டு கைக்கு வந்திருக்கும் என்று வாதாடலாம். நானும் வாதாடினேன், மனசுக்குள். கேட்க அங்கே ஆள் இல்லை.

திட்டின் மேல்

எனக்குப் படகு கிடையாது. தேசப்பனே வந்து கூப்பிட்டான். "வேற எவன் படகுல நீ போனாலும் என்னத்தான் கேப்பானுங்க. வா" என்றான். கோல் ஊன்றித் திட்டுக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டுப் படகிலேயே உட்கார்ந்துகொண்டான்.

அப்படி ஒரு வானத்தை எங்கள் பக்கம் நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்க்கவில்லை. மேகம் இல்லை, பனி இல்லை, காற்றும் அளவாக. ஐந்து வருடம் என்னை ஏமாற்றின வானம் அன்றைக்கென்று நல்ல பிள்ளையாக நின்றது. கொஞ்சம் கெட்டுத் தொலைத்திருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும்.

இரண்டு இரண்டு நிமிடமாகப் படம் எடுக்க ஆரம்பித்தேன். ஒவ்வொன்றுக்கும் நடுவில் சும்மா நிற்க வேண்டும். நடு இரவு தாண்டித் தண்ணீர் ஏற ஆரம்பித்தது. முதலில் ஒன்றிரண்டாகவும், பிறகு விடாமலும் ஒரு சத்தம் கேட்டது. படகுப் பலகையில் யாரோ விரலால் சுண்டுகிற மாதிரி. இறால் துள்ளி விழுகிற சத்தம்.

"ஓட்டம் வந்துடுச்சி மச்சான்" என்றான் தேசப்பன்.

கையை முட்டிமேல் வைத்தபடி தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். மணிக்கொரு பீடி பிடிக்கிறவன் அன்றைக்கு ஒன்றுகூடப் பற்றவைக்கவில்லை. வெளிச்சம் ஆகாது என்று நான் அவனிடம் சொல்லவே இல்லை. அவனாகவே தெரிந்துகொண்டு இருந்தான். எனக்கு அப்போது பாதியில் மூட்டை கட்டிவிடலாம் என்று வந்தது. கட்டினால் மட்டும் வலை கட்ட முடியுமா என்றும் வந்தது. எடுக்க வேண்டிய நாற்பது படத்தையும் எடுத்து முடித்தேன்.

விடிந்த பிறகு

பாட்டு நாளில் விடியும்போது பெண்கள் கூடையோடு கரையில் நிற்பார்கள். அன்றைக்கு எங்களுக்காக யாரும் நிற்க வேண்டியதில்லை. கௌரி நின்றாள், கூடையோடு. பக்கத்தில் அடுத்த நாள் பாட்டுக்காரர்களும் அவர்கள் வீட்டுப் பெண்களும் இருந்தார்கள்.

படகு தட்டியதும் அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். ஸ்டாண்டும் கேமராப் பையும் கிடந்தன. இரண்டையும் எடுத்துக் கூடையில் வைத்தாள். ஸ்டாண்டின் கால்கள் கூடைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள். பாட்டு நாளில் வெறுங்கூடையோடு வீட்டுக்குப் போவதில்லை என்பது எங்கள் தெருப் பெண்களின் வைராக்கியம்.

"இன்னாடி பட்டுது கௌரி?" என்று ஒருத்தி கேட்டாள்.

"எங்கண்ணனக் கேளு" என்றாள் நிற்காமல்.

நான் பின்னாலேயே போனேன். அவ்வளவு வெட்கமாக நான் எந்தத் தெருவிலும் நடந்ததில்லை. தேசப்பன் படகைக் கட்டிவிட்டு வருவதாகச் சொல்லிக் கரையிலேயே நின்றுவிட்டான்.

வீட்டில் கூடையை இறக்கிவிட்டு எனக்கு டீ போட்டுத் தந்தாள். நான் கேமராவைத் திறந்து அந்தப் படத்தைக் காட்டினேன். கொட்டிவைத்த பொடி உப்பு மாதிரி அத்தனை நட்சத்திரமும் துல்லியமாக விழுந்திருந்தது. நான் எடுத்ததிலேயே அதுதான் நல்ல படம். இன்றைக்கும் அதுதான்.

கௌரி முந்தானையில் கையைத் துடைத்துவிட்டுக் கேமராவை வாங்கினாள். கண்ணருகே வைத்து நிதானமாகப் பார்த்தாள்.

"நல்லா கீதுண்ணா" என்றாள். கோபத்தில் சொல்லவில்லை, நிஜமாகவே சொன்னாள்.

கேமராவை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, கொடியிலிருந்து தேசப்பனின் சட்டைகளை எடுத்தாள். ஒவ்வொன்றாக மடித்து, ஊருக்குக் கொண்டுபோகிற பைக்குள் வைக்க ஆரம்பித்தாள்.